இன்னிக்கு என்ன கிழமை?

எழுதுவதற்கு எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் நாத்தனாருக்கு மாதம் ஒரு கார்டும், நவராத்திரிக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலும்தான். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது. வாசலில் ஆண்பிள்ளை யாராவது வந்து நின்றால் கதவுக்குப் பின்னால் இருந்து பதில் சொல்லுகிறவள் நான். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவருடைய தமையனாருக்குத் தலைக்குள் கட்டி. சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வயது அறுபத்தைந்து. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் என் மாமியாருக்கு அதே மாதிரி ஆபரேஷன் ஆகி, நல்லபடியாகத் தேறியது ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் இருப்பதும் தெரியும். அவர் அதைக் கேட்டு வாங்கி, கூடத்தில் உட்கார்ந்து பிரதி எடுத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்.

"இதுல எழுதாதது வேற ஏதாவது உண்டா மாமி? நீங்கதானே கூட இருந்து பாத்துண்டேள்."

"ஒண்ணும் இல்லே. இதுல இருக்கறபடி பண்ணினாப் போறும்" என்றேன்.

அது பொய். அன்று கதவுக்குப் பின்னால் இருந்து சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

மாமியாருக்கு அப்போது அறுபது வயது. விடிகிற நேரத்தில் மண்டை வெடிக்கிற தலைவலியோடு எழுந்திருப்பார். வலது கையால் இழுத்த கோலம் கோணிற்று. ரசத்தை நாங்கள் சாத்தமுது என்போம். அதில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, மருமகள்தான் போட்டாள் என்று என்னைக் காட்டிச் சத்தியம் பண்ணினார். ஒரு நாள் மாவு சலிக்கும்போது கை வெட்டி வெட்டி இழுத்து, சல்லடையோடு சாய்ந்தார். திருச்சி டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி இருக்கிறது, கெட்ட கட்டியாகத் தெரியவில்லை, எடுத்துவிடலாம் என்றார்கள்.

பெரிய டாக்டர் மாமனாரிடம் பேசியதை நான் தூணோரம் நின்று கேட்டேன். "இந்த வயசுல ஆபரேஷன் பாதி வேலைதான். கட்டியை நாங்க எடுத்துடுவோம். மனுஷி திரும்பி வர்றது வீட்டுல இருக்கறவங்க கையில இருக்கு" என்றார். மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் இருக்கிறவள் நான்தான்.

நான் எப்படிப்பட்ட கையில் அவரை வாங்கிக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமாகி அப்போது இருபது வருஷம். குழந்தை இல்லை. மாமியார் என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. வீட்டில் ஏதாவது மங்கள காரியம் நடந்தால், நாலு பேர் எதிரில், சிரித்த முகமாக, "நீ உள்ளே போய்ப் பாலைப் பாருடி" என்பார். அவ்வளவுதான். அடுப்பில் பால் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நான் எழுந்து போவேன். பின்கட்டில் கொல்லைப்பக்கம் ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை உண்டு. அங்கே உட்கார்ந்து, கூடத்தில் ஆரத்திப் பாட்டு முடிகிற வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை சீமந்தம், எத்தனை தொட்டில்! வந்திருக்கிற பெண்டுகளுக்கும் இந்த வார்த்தை பழகிவிட்டது. மாமியார் சொல்ல மறந்தால் அவர்களே, "பால் பொங்கிடப் போறதுடி" என்று ஞாபகப்படுத்துவார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் தலையை மழிக்க ஆள் வந்தான். எங்கள் வகையறாவில் புருஷன் போனவளின் தலையை மழித்து உட்கார வைக்கிற வழக்கம் அப்போது முழுதாகப் போய்விடவில்லை. மழித்த தலை என்றால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்ததும் என் புடவையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் இருக்காரோன்னோ?"

"இருக்கார் அம்மா."

"எங்கே?"

"வாசல்லதான் நின்னுண்டிருக்கார்."

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. அப்புறம் கத்தி வைக்கட்டும்."

போய்ப் பார்த்தேன். மாமனார் இல்லை. காபி சாப்பிடப் போயிருந்தார். நான் திரும்பி வந்து, "நிக்கறார்" என்றேன். அந்த ஒரு பொய்யை அன்பினால்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. ஆனால் கண் விழித்தவர் எங்கேயோ இருந்தார். வார்டை ரயில் என்று நினைத்துக்கொண்டு, "விழுப்புரம் வந்துடுத்தா?" என்று கேட்டார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று போர்வையை உதறினார். என்னை யாரோ சமையற்காரி என்று நினைத்து, "ஏண்டி, உனக்கு யார் இந்தப் புடவையைக் கொடுத்தா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சிரிக்காதீங்கம்மா. வயசானவங்களுக்கு இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் இப்படித்தான் குழம்பும். எதிர்த்தும் பேசாதீங்க. இது ஆஸ்பத்திரி, ஆபரேஷன் ஆயிருக்கு, இன்னிக்கு இன்ன கிழமைன்னு மெதுவா சொல்லுங்க. பத்து தடவை கேட்டா பத்து தடவையும் அதே மாதிரி சொல்லுங்க. பகல்ல ஜன்னலைத் திறந்து வைங்க. கண்ணாடியை மாட்டி விடுங்க. கண்ணு தெரியாம காதும் கேக்காம கிடந்தா மனுஷங்க எங்கே திரும்பி வருவாங்க?"

அந்த நர்ஸ் சின்னப் பெண். என்னை விடப் பத்து வயது குறைவாக இருக்கும். பதினைந்து நாள் கழித்துக் கிளம்பும்போது அவர்தான் தாளில் எழுதிக் கொடுத்தார். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. பட்டினி போடக் கூடாது. ஏகாதசி உபவாசம் எல்லாம் பிறகு. படுத்தே இருக்க விடக் கூடாது. தினம் காலையில் வெயில் படும்படி வெளியே நடக்க வேண்டும், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். விரல்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். தினமும் கிழமை, மாதம் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் கீழே ஒரு வரியைக் கோடு போட்டு எழுதியிருந்தார்: அவங்களால முடிஞ்சதை அவங்களே செய்யட்டும், நீங்க செய்து கொடுக்காதீங்க.

ரயில் காலையில் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தது. என் கணவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். சாமான் நிறைய. மாமியாரையும் என்னையும் முதல் ஜட்காவில் ஏற்றிவிட்டு, அவரும் மாமனாரும் இன்னொரு வண்டி பிடித்து வருவதாகச் சொன்னார்கள். எங்கள் வண்டி வாசலில் நின்றது. மாமியார் முக்காடு போட்டிருந்தார். இறங்கும்போது அது நழுவியது. மழித்த தலை. தையல் நெற்றி ஓரம் வரை வந்திருந்ததால் குங்குமம் வைக்கக் கூடாது என்றிருந்தார்கள். பாழ்நெற்றி. பக்கத்தில் நான் ஒருத்திதான். மாமனார் இல்லை.

அடுத்த வீட்டு மாமி குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடி வந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ மாமி! மாமாவைத் தொலைச்சுட்டு வந்து நிக்கறேளே! ராஜா மாதிரி ரயிலேறினாரே!"

நான் "இல்லே மாமி, இல்லே மாமி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் ஏழெட்டுப் பெண்டுகள் கூடி, தெருவே அழுதது. இதில் பெரிய கொடுமை, மாமியார் அதை நம்பியதுதான். ராத்திரி முழுக்க ரயில், தூக்கம் இல்லை, தலை தெளியவில்லை. எல்லாரும் அழுகிறார்கள். தலையைத் தடவிப் பார்த்தார். மயிர் இல்லை. "போயிட்டாரா? என்கிட்ட யாருமே சொல்லலையே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு, திருமாங்கல்யத்தைப் பிடித்து இழுத்தார். நான் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு தொங்கினேன்.

அப்போது இரண்டாவது வண்டி வந்து நின்றது. மாமனார் கையில் பித்தளைக் கூஜாவோடு இறங்கினார்.

"என்ன இது கூட்டம்? யாருக்குடி இழவு?" என்றார்.

அடுத்த வீட்டு மாமி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று யாரும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குச் சிரித்தார்கள்.

மாமனார் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினார். அன்றிலிருந்து மனைவியின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். சாப்பிடும்போது பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நான் இருக்கறச்சயே எனக்குத் துக்கம் விசாரிச்சுட்டா. இனிமே அந்தத் தலையைப் பாத்துண்டு சாதம் எறங்குமா?" என்றார். மாமியாருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மாமியார் வாசற்படி தாண்ட மாட்டேன் என்றார். பின்கட்டு அறையில், நான் உட்காருகிற அறையில், போய்ப் படுத்துக்கொண்டார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பத்து நாளில் கால் தளர்ந்தது. கிழமை மறுபடி குழம்பியது. இப்படியே விட்டிருந்தால் அந்த அறையிலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

தயிர் கொண்டுவருகிற அம்மாள் சமயபுரம் பக்கத்துக்காரி. அவள் தலையும் அப்போது மொட்டை, மாரியம்மனுக்கு வேண்டுதல். சந்தனம் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, கூடையைச் சுமந்துகொண்டு ராணி மாதிரி வருவாள். மாமியார் படுத்திருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"இதுக்கா படுத்துக் கெடக்குறீங்க? எந்திரிங்கம்மா. எம் புருசன் கல்லு மாதிரி இருக்காரு, நான் மொட்டை போடலையா? சந்தனத்தைத் தடவிக்கிட்டு, ஆத்தாளுக்கு முடி குடுத்தேன்னு சொல்லிட்டு நடங்க. எவ கேக்குறா பாப்போம்."

மாமியார் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "பெருமாள் வாசலைத் தவிர வேற வாசல் மிதிக்காத வம்சம்டி இது! மாரியாத்தாளுக்கு முடி குடுத்தேன்னு நான் சொல்றதாவது! இவளை வெளியில அனுப்பு!"

தயிர்க்காரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "எந்திரிச்சு உக்காந்துட்டாங்கல்ல? அம்புட்டுத்தான் வேணும்" என்றாள்.

அதிலிருந்துதான் எனக்கு வழி தெரிந்தது. கோபம் வந்தால் மாமியார் எழுந்திருக்கிறார். என் கையில் தாள் இருக்கிறது.

தட்டை எதிரில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வலது கை நடுங்கி, சாத்தமுது சாதம் மடியில், தரையில், முழங்கையில் வழிந்தது. ஒரு கவளம் வாய்க்குப் போக நாலு கவளம் கீழே விழுந்தது. மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஊட்டி விடேண்டி, கண்றாவியா இருக்கு" என்றார்.

"டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றேன்.

இருபது வருஷத்தில் மாமனாருக்கு எதிராக நான் சொன்ன முதல் வாக்கியம் அது. அவர் எழுந்து போனார். தாளில் இருந்தபடிதான் செய்தேன். அது சரியான முறைதான். ஒரு வாரத்தில் மாமியார் பாதிக்கு மேல் தானே சாப்பிட்டார். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது எனக்குள்ளே என்ன ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அவர் முழங்கையில் சாதம் வழிவதைப் பார்க்கப் பிடித்திருந்தது.

நடையும் அப்படித்தான். வெயில் படும்படி காலையில் என்றுதான் தாளில் இருந்தது. ஆறரை மணிக்கே வெயில் வந்துவிடும், தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் அவரைப் பத்து மணிக்கு அழைத்துப் போனேன். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள், குடத்தோடு நிற்கிறவர்கள், காய்கறி வண்டியைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் இருக்கிற நேரம். எதிரே வந்த ஒருத்தி சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போனாள். இன்னொருத்தி எல்லாருக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்தவள், மாமியாரிடம் வந்ததும் சிமிழை மூடிவிட்டு, "தையல் ஆறட்டும் மாமி" என்றாள். தையல் அப்போது ஆறி மூன்று வாரமாயிருந்தது.

மாமியார் என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குச் சித்த முன்னாடியே கிளம்பலாமேடி" என்றார்.

"மாத்திரை சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆகணும் அம்மா" என்றேன். அப்படித் தாளில் எதுவும் இல்லை.

வெட்கமே ஒரு வேகமாகி அவரை நடக்க வைத்தது. முதலில் தெருமுனை. பிறகு வடக்கு வாசல். அதற்கப்புறம் கொள்ளிடத்துக்குப் போகிற பாதையில் இருக்கிற அரசமரம். அங்கே தொட்டுவிட்டுத் திரும்புவோம்.

இந்தச் சமயத்தில்தான் நாத்தனாரிடமிருந்து கார்டு வந்தது. கடைசிப் பெண், இருபத்திரண்டு வயது, கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். முதல் கர்ப்பம். வளைகாப்பைப் பிறந்த வீட்டில் வைப்பதென்று நிச்சயமாகியிருந்தது. முதல் கண்ணாடி வளையலைப் பெற்றவள் தன் கையால் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அது உடையாமல் ஏற வேண்டும். உடைந்தால் எல்லார் முகமும் மாறிவிடும்.

கார்டைப் படித்துக் காட்டியதும் மாமியார் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு வளையல் வாங்கிண்டு வா" என்றார்.

வளையல்காரரிடம் விலை போகாத வளையல்களை வாங்கி வந்தேன். பழகுவதற்கு யாருடைய கை இருக்கிறது? என் கைதான். தினம் சாப்பாட்டுக்குப் பிறகு எதிரெதிரே உட்காருவோம். என் கைக்கு எண்ணெய் தடவி, விரல்களைக் குவித்துப் பிடித்து, கட்டைவிரல் அடியை அமுக்கி, வளையலை மெதுவாக உருட்டி ஏற்ற வேண்டும். முதல் நாள் மூன்று உடைந்தன. என் மணிக்கட்டில் ரத்தம் வந்தது. அவருடைய விரல் எங்கே அமுக்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. பத்தாம் நாள் ஒன்று ஏறியது. பதினைந்தாம் நாள் இரண்டு ஏறின. அவருக்கு வார்த்தையும் திரும்பி வந்தது.

"கையா இது? உலக்கை. வளைகாப்பு வளையல் ஏறியிருந்தா பதமா இருந்திருக்கும். ஏறாத கை, அதான் கட்டை."

பழைய குணம் திரும்புவது நல்ல அடையாளம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நானும் அப்படியே கார்டில் எழுதினேன்: அம்மா நன்றாகத் தேறி வருகிறார், பழையபடி பேசுகிறார்.

மறுநாள் காலை வழக்கம்போல, "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். சமையல் நடக்கிற தளிகை உள்ளிலிருந்து என்ன வாசனை வருகிறது என்று பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த காலெண்டர் பக்கம் திரும்பவில்லை. அப்படித் திரும்பாமல் சொல்ல வேண்டும் என்பது அவரே வைத்துக்கொண்ட பந்தயம். "செவ்வாய்" என்றார். முகம் மலர்ந்திருந்தது.

செவ்வாய்தான். நான், "இல்லே அம்மா. புதன்" என்றேன்.

"புதனா?"

"புதன்."

"நேத்திக்குத் திங்கள்னு நீ சொன்னாப்பல இருக்கே?"

"நேத்திக்குச் செவ்வாய்."

அவர் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் நான் சிரித்து மழுப்பியிருப்பேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "போயிடுத்து. மறுபடியும் போயிடுத்து" என்று மெதுவாக அழுதார். அன்று முழுவதும் வளையலைத் தொடவில்லை. மறுநாள் நான் மறுபடி "இன்னிக்குப் புதன்" என்று சொன்னபோது என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு வளையலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் அந்த மாதிரிச் செய்யவில்லை. ஒரு தடவைதான். ஆனால் அதைச் செய்தேன்.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு நாத்தனார் வந்தாள். கூடவே அவள் மாமியாரும் வந்தார். என் மாமியாரின் தலையில் மயிர் அப்போது இரண்டு விரற்கடை நீளம் வளர்ந்து, நரைத்த பனங்கொட்டை நார் மாதிரி நின்றது. நாத்தனார் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அழுதாள், நடந்து காட்டச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் ஆயிற்று. முந்தின நாள் சாயங்காலம் கிணற்றடிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"மன்னி, எங்காத்து மாமியார் ஒரு மாதிரி முகத்தை வச்சுண்டிருக்கா. முதல் கர்ப்பம், அந்தத் தலையோட ஒருத்தர் நடுவில உக்காந்தா நன்னா இருக்குமாங்கறா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. அப்பாகிட்டக் கேட்டேன். செய்யறதைச் செய்ங்கோங்கறார்."

"அம்மா ரெண்டு மாசமா வளையல் போட்டுப் பழகறா" என்றேன்.

"அதுக்கென்ன, அப்புறமாப் போடட்டுமே. நீங்க தினம் நடக்கத்தானே அழைச்சுண்டு போறேள்? நாளைக்குச் சித்தத் தூரமா அழைச்சுண்டு போங்கோ. பதினொண்ணு அடிச்சதும் வாங்கோ." என் தோளைத் தொட்டுச் சொன்னாள்: "நீங்க எப்படியும் உள்ளேதானே இருப்பேள் மன்னி."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டில் எது எங்கே இருக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் மறுத்திருக்கலாம். டாக்டர் கூடாது என்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தைக்கு அந்த வீட்டில் அப்போது மதிப்பு இருந்தது. நான் சரி என்றேன். வாய் வராத சங்கோஜம் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அது முழுக்க நிஜம் இல்லை. இருபது வருஷம் நான் உட்கார்ந்த இடத்தில் அவர் ஒரு நாள் உட்காரட்டும் என்றும் இருந்தது.

காலையில் மாமியார் அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். தானே கட்டிக்கொண்டது. கொசுவம் கொஞ்சம் கோணல். "முகூர்த்தம் பதினொண்ணரைக்கு மேலதான் அம்மா. நடந்துட்டு வந்துடலாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "சரி, வா" என்றார்.

அரசமரம் வந்தது. நான் நிற்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கொள்ளிடக் கரை ஏறி, மணலில் இறங்கினோம். தண்ணீர் எங்கோ தொலைவில் ஒரு கோடாக ஓடியது. நடுமணலில் வண்ணார்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். அவர்கள் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மரப்பெட்டியில் மாமியார் உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் அவ்வளவு தூரம் அவர் நடந்ததில்லை. மூச்சு வாங்கவில்லை. கால் இழுக்கவில்லை. நர்ஸ் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"இன்னிக்கு நீ கிழமை கேக்கலையே" என்றார்.

நான் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை. மணி பத்தரை ஆயிருக்கும். இந்நேரம் மணையில உக்காத்தி வச்சிருப்பா. வளையல்காரன் பெட்டியைத் திறந்திருப்பான்." பிறகு கேட்டார்: "சரியா?"

"சரி" என்றேன்.

"அன்னிக்குச் செவ்வாயும் சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபிக்கவில்லை. மடியிலிருந்து இரண்டு வளையல்களை எடுத்தார். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. "கையை நீட்டு" என்றார். எண்ணெய் இல்லை. வெயிலில் என் கை வியர்த்திருந்தது. விரல்களைக் குவித்தார், கட்டைவிரல் அடியை அமுக்கினார், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி ஏற்றினார். அவர் கை நடுங்கவில்லை. ஒரு கீறல் விழவில்லை.

"ஒடையலை பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் அம்மா."

"இந்தக் கைக்குப் போட்டு யாருக்கு என்ன ஆகப்போறது" என்று சொல்லிவிட்டு எழுந்து, என்னைப் பிடித்துக்கொள்ளாமல், முன்னால் நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஆரத்தி ஆகியிருந்தது. நாத்தனார் மணையில் இருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அவள் மாமியார் தன் நாட்டுப்பெண்ணின் முன்னால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், மறைப்பதுபோல. நாத்தனார் கையை நீட்டி, "அம்மா, நீயும் ஒண்ணு போடறயா?" என்றாள். இன்னொன்று ஏற அந்தக் கையில் இடம் இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் மாமியார் அந்தக் கையைப் பார்த்தார். சிரித்த முகமாக இருந்தார்.

"நன்னா நெறைஞ்சிருக்கே. போறும்" என்றார். "நான் உள்ளே போய்ப் பாலைப் பாக்கறேன்."

பின்கட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அந்த அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் பால் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. நாத்தனாரை அவள் மாமியார் காலை ரயிலில் கும்பகோணத்துக்கு அழைத்துப்போனார். பிரசவத்தையும் அங்கேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். என் மாமியார் மாத்திரை சாப்பிட்டார். பத்து மணிக்கு அரசமரம் வரை நடந்துவிட்டு வந்தோம்.